ஏழு: நேத்து மாதிரியே

நர்சிங் படிக்கிறவளுக்கு உதவித்தொகை உண்டு. கல்லூரிக் கட்டணத்தை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் அதைக் கொடுக்கிற புண்ணியவான்களிடம் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. படிக்கிறவளுக்கு வயிறு என்று ஒன்று இருக்கிறது. அவள் எங்காவது படுத்துத் தூங்க வேண்டும். வெள்ளைச் சீருடையைத் துவைக்க சோப்பு வேண்டும். முதல் இரண்டு வருடம் என் வயிற்றையும் வாடகையையும் சோப்பையும் பார்த்துக்கொண்டது என் அண்ணன்தான்.

அண்ணன் பகலில் ஒரு கடைக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். என் செலவுக்காகவே விடிகாலையில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிற வேலையையும் எடுத்துக்கொண்டான். இருபது லிட்டர் கேன், தோளில் ஒன்று, கையில் ஒன்று, லிஃப்ட் இல்லாத மாடிகள். இரண்டாம் வருட விடுமுறைக்குப் போனபோது, அவன் கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பக்கவாட்டில் உருண்டு, சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்து எழுவதைப் பார்த்தேன். அந்த மாதம்தான் எங்களுக்கு வகுப்பில் முதுகெலும்பு நடத்தியிருந்தார்கள். வலி கால் வரை இழுக்கிறதா, எந்தக் கால் மரத்துப்போகிறது என்று கேட்டேன். மழுப்பினான். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இனிமே நீ கேன் தூக்கினா நான் படிக்கப் போகமாட்டேன்" என்று அங்கேயே சண்டை போட்டு, அந்த வேலையை விட வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். இனி சாப்பாட்டுக்கு என்ன வழி என்ற யோசனை பாதி வழியில்தான் வந்தது. என் கோபம் எப்போதும் அப்படித்தான், எனக்கு முன்னாலேயே கிளம்பிவிடும்.

வழி சொன்னது பஞ்சு.

பஞ்சு என் அறைத்தோழி. முதல் வருடம், ஊசி போடுவதை முதன்முதலாகப் பார்த்த அன்று மயங்கி விழுந்தாள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை மூக்கில் வைத்து எழுப்பினோம். அதிலிருந்து அவள் பஞ்சு, அவள் வாயில் நான் மிளகாய். அவளுக்கு அம்மா இல்லை. அப்பா வேறு குடும்பம் கட்டிக்கொண்டு போய்விட்டார். வளர்த்த அத்தை, படிப்பில் சேர்ந்ததும் "இனி உன் பாடு" என்று கை கழுவிவிட்டார். ஒரு முட்டையை இரண்டாக அறுத்துத் தின்றிருக்கிறோம். சீருடை காயாத நாளில் யாருடையது காய்ந்திருக்கிறதோ அதைப் போட்டுக்கொண்டு முதல் வகுப்புக்கு ஒருத்தி போவாள், இன்னொருத்தி தலைவலி என்று படுத்துக்கொள்வாள். கூடப் பிறந்த தங்கை இருந்தாலும் இப்படி இருந்திருக்க மாட்டாள் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பல பேரையும் இப்போது தேடிப் போய்ச் சொன்னதை வாபஸ் வாங்க வேண்டும்.

கல்லூரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு முதியோர் இல்லம். பத்துக் கட்டில். மாலை நான்கிலிருந்து எட்டு வரை உதவிக்கு நர்சிங் மாணவி தேவை, ஆறு நாளும் வர வேண்டும் என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆறு நாளும் மாலையில் சும்மா இருக்கிற நர்சிங் மாணவி இன்னும் பிறக்கவில்லை. எங்கள் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் மதியத்திலிருந்து ஆஸ்பத்திரி வார்டில் போஸ்டிங் போடுவார்கள். எனக்குச் செவ்வாய், வியாழன், சனி. பஞ்சுவுக்குத் திங்கள், புதன், வெள்ளி.

"உனக்கு மூணு நாள், எனக்கு மூணு நாள். ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆள்" என்றாள் பஞ்சு.

"ஆள் மாறுறது தெரியாதா?"

"அங்க எல்லாரும் மாஸ்க் போட்டே ஆகணும்டி. நம்ம ரெண்டு பேரும் ஒரே உயரம், ஒரே ஒல்லி. கண்ணை மட்டும் பார்த்து எவன் கண்டுபிடிப்பான்? உன் பேர்லயே சேர்ந்துடு. என் சர்டிஃபிகேட் எல்லாம் அத்தை வீட்ல கிடக்கு."

தப்புதான். தப்பில்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் பத்துக் கட்டிலிலும் வேலை நடந்தது, ஆறு நாளும் நடந்தது. என் பெயரில் வந்த சம்பளத்தை வாங்கின அன்றே பாதியாகப் பிரித்துக்கொண்டோம். என் கையெழுத்தை ஒரு சாயங்காலம் முழுக்க எழுதிப் பழகினாள் அவள். என்னைவிட அழகாகவே போடுவாள்.

அங்கே இருந்த இன்சார்ஜ் சிஸ்டருக்கு ஒரே வாரத்தில் தெரிந்துபோயிற்று. "நேத்து வந்த மாஸ்க் பாட்டு முணுமுணுத்துக்கிட்டே இருந்துச்சு. நீ உம்முனு இருக்கியே?" என்றார். அவர் ஊசித் தட்டைத் துடைத்துக்கொண்டே, "எவ வந்தா எனக்கென்ன? ரெண்டு கை வந்தா போதும்" என்று போய்விட்டார். அதற்கப்புறம் எங்கள் இருவரையுமே "ஏய் மாஸ்க்" என்றுதான் கூப்பிடுவார்.

ஆள் மாறினாலும் கவனிப்பு மாறக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். எட்டு மணிக்கு வேலை முடிந்ததும் மறுநாள் போகிறவளுக்கு ஃபோனில் கட்டில் வாரியாக எழுதி அனுப்ப வேண்டும். "ஒண்ணு: ரெண்டு நாளா வயிறு போகல. மூணு: கால் வீக்கம் குறைஞ்சிருக்கு. அஞ்சு: மாத்திரையைக் கன்னத்துல ஒதுக்கி வச்சு துப்புறாங்க, வாயைத் திறந்து பாரு." எதுவும் மாறாதவர்களுக்கு "நேத்து மாதிரியே" என்று போடுவோம். அந்த இரண்டு சொல்லைக் கண்டுபிடித்தவளே பஞ்சுதான். உடம்பு நேற்று இருந்தது போலவே இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று அர்த்தம். நாடி பார்க்காதே, ரத்த அழுத்தம் எடுக்காதே என்று அர்த்தமில்லை. பார்க்காமல் எழுதுவது எங்கள் தொழிலில் திருட்டைவிடக் கேவலம். முதல் வருடம் முதல் வாரமே மண்டையில் ஆணி அடித்த மாதிரி அதைத்தான் சொல்லித்தருவார்கள்.

ஒரு வருடம் ஓடியது. கடைசி வருடம் வந்துவிட்டது. இறுதிப் பரீட்சைக்கு இன்னும் நாலு மாதம். அண்ணன் நேராக எழுந்து நடக்கிறான் என்று அண்ணி சொன்னாள். எனக்கு அது போதும். அந்த நாலு மாதத்தையும் அவனிடம் கை நீட்டாமல் ஓட்டிவிட்டால், பிறகு நான் சம்பாதிக்கிறவள்.

ஒரு வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு உள்ளே நுழைந்ததுமே மேனேஜர் அறைக்குப் போகச் சொன்னார்கள். மேனேஜர் என்பவர் முகத்தில் எந்த உணர்ச்சியும் செலவழிக்காத மனிதர். மேஜைமேல், நாங்கள் தினமும் நாடியும் ரத்த அழுத்தமும் எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஏழாம் கட்டிலின் சார்ட் விரிந்து கிடந்தது. பக்கத்தில் ஏழாம் கட்டில் தாத்தாவின் மகன் நின்றிருந்தார்.

"நேத்து சாயந்திரம் ஆறு மணிக்கு அப்பாவுக்கு நாடி எழுபத்தெட்டுன்னு போட்டிருக்கே, எழுதினது யாரு?" என்றார் மகன்.

சார்ட்டின் கீழே என் கையெழுத்து. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"நேத்து மத்தியானமே அப்பாவை நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். பேத்திக்குப் பொறந்தநாள். ஆறு மணிக்கு எங்க வீட்ல கேக் சாப்பிட்டுட்டு இருந்தவருக்கு இங்க யாரும்மா நாடி பிடிச்சது? 'பாதி சூப் குடித்தார்'னு வேற போட்டிருக்கு. மீதிப் பாதியை யாரு குடிச்சா?"

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். காலிக் கட்டிலுக்கு நாடி எழுதியிருக்கிறாள். அதுவும் புதன்கிழமை நான் அளந்து எழுதிய அதே எழுபத்தெட்டு, ரத்த அழுத்தம் அதே நூற்று முப்பது எண்பது, நான் எழுதிய அதே பாதி சூப். வரிக்கு வரி காப்பி. வியாழக்கிழமை ஆறு மணிக்கு நான் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் ஒரு பெண்ணின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். போஸ்டிங் வருகைப் பதிவேட்டில் நேரத்தோடு இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் நான் தப்பிக்கலாம், பஞ்சு மாட்டிக்கொள்வாள்.

"நாளைக்குச் சொல்றேன் சார்" என்றேன். நாடி பார்த்தது யார் என்பதை நாளைக்குச் சொல்கிறேன் என்கிற ஒருத்தியை அவர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே. மேனேஜர் சார்ட்டை மடித்து, "உங்க காலேஜுக்கு லெட்டர் எழுதணுமா வேண்டாமான்னு நானும் யோசிச்சு வைக்கிறேன்" என்றார். அந்த லெட்டர் போனால் பரீட்சையே எழுத முடியாது.

அறைக்குத் திரும்பி, போஸ்டிங் முடிந்து அவள் வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் பிடித்துக்கொண்டேன். அவள் மறைக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

"இன்னைக்கு டெஸ்ட் இருந்துச்சுல்ல? படிக்கணும்னு, போனதுமே நாலேகாலுக்கு எல்லா சார்ட்டையும் எழுதி முடிச்சிட்டேன். அப்புறம்தான் ஏழாம் கட்டில் காலியா கிடக்கறதைப் பார்த்தேன். எழுதினதை அடிச்சா பக்கத்துல காரணம் எழுதி கையெழுத்துப் போடணும். பயமா இருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன்."

"எல்லா சார்ட்டையுமா? பத்துப் பேருக்கும் பார்க்காமலா எழுதின?"

"ஒரே ஒரு நாள்டி. சத்தியமா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை நாலு அறை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அவள் அழுதால் மூக்கு நுனி சிவந்து சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிடும், எனக்கு அதைப் பார்க்க முடியாது. நாளைக்கு நான் போய் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று மட்டும் சொன்னேன்.

"நீ சொல்லாத மிளகா. நாளைக்கு என் டியூட்டிதானே, நானே சொல்றேன். எழுதினது நான்தான்னு என் வாயாலயே சொன்னா அவருக்கும் மனசு இளகும். உன்னை முன்னால வச்சுக்கிட்டு என்னால அந்த அசிங்கத்தைப் படமுடியாது. தயவுசெஞ்சு நீ வராத."

நம்பினேன். அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நம்பினேன். நம்பினது மட்டுமல்ல, அவள் தனியாகப் போய் நிற்கப் போகிறாளே என்று பாவப்பட்டு, காலையில் அவள் சீருடையை நானே இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

சனிக்கிழமை போஸ்டிங் முடிந்து நான் வந்தபோது அவள் தலை குளித்து ஈரத்தோடு இருந்தாள். "சொல்லிட்டேன். உன்னைத் திங்கக்கிழமை வரச் சொன்னார். லெட்டர் எல்லாம் எழுத மாட்டாராம்" என்றாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து, "உன் வேலை போயிட்டா என் மூணு நாள் சம்பளத்துல ரெண்டு பேரும் சாப்பிடலாம், விடு" என்றேன். அவள் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை கொஞ்சம் உற்சாகமாகவே போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று போஸ்டிங் பதிவேட்டின் நகலைக் கையில் வைத்திருந்தேன். மேனேஜர் அதை வாங்கிப் பார்த்தார். முதல்முறையாக அவர் முகத்தில் ஏதோ அசைந்தது.

"அப்ப அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்" என்றார். "நீ போஸ்டிங் போற நாள்ல உனக்குப் பதிலா அவளை அனுப்பியிருக்க. ஃப்ரெண்டாச்சேன்னு மறுக்க முடியாம வந்தேன்னு சொல்லுச்சு. என்ன எழுதணும்னு முந்தின நாளே நீ சொல்லி அனுப்பிடுவியாமே?"

"நானா?"

அவர் தன் ஃபோனை என் பக்கம் திருப்பினார். பஞ்சு அவருக்கு அனுப்பிய படம். புதன்கிழமை எட்டு மணிக்கு நான் எழுதியது, என் பெயரோடு, பச்சையாக: "ஏழு: நேத்து மாதிரியே."

ஒருத்தி பயத்தில் பொய் சொல்வதை நான் மன்னித்துவிடுவேன், நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் இது பயத்தில் வாய் உளறியது இல்லை. பத்துக் கட்டிலுக்கும் நான் எழுதியிருந்ததில் இந்த ஒரு வரியை மட்டும் தேர்ந்து வெட்டி எடுத்திருக்கிறாள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருத்தி அவள். அர்த்தம் தெரிந்தேதான் எடுத்து நீட்டியிருக்கிறாள்.

"சார், அதுக்கு அர்த்தம் அது இல்ல. உடம்பு நேத்து மாதிரியே இருக்குன்னு அர்த்தம். எங்களுக்குள்ள அப்படித்தான் எழுதுவோம். தினமும் ரெண்டு பேரும் எழுதுவோம், மத்ததையும் பாருங்க" என்று என் ஃபோனைத் திறந்தேன். அதை அவர் கையில்கூட வாங்கவில்லை.

"நேத்து மாதிரியேன்னா நேத்து மாதிரியேதான். இதுல வேற என்ன அர்த்தம் இருக்கு?" என்றார் அவர்.

இன்சார்ஜ் சிஸ்டரைக் கூப்பிடச் சொன்னேன். வந்தார். "சிஸ்டர், நாங்க ரெண்டு பேரும் மாறி மாறி வந்தது உங்களுக்கு ஆரம்பத்துலயே தெரியும்ல? அவ பாதி சம்பளம் வாங்கினா. நான் அனுப்பி வந்தவ இல்ல, சொல்லுங்க சிஸ்டர்."

சிஸ்டர் மேனேஜரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "எனக்கு என்னங்க தெரியும்? மாஸ்க் போட்டா எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியுது" என்றார்.

லெட்டர் எழுதவில்லை என்பது மட்டும் உண்மை. மாணவியை வைத்து சார்ட் எழுத வைத்தது வெளியே தெரிந்தால் அவர்களுக்கும் சங்கடம். அந்த மாதச் சம்பளம் கிடையாது, இனி வர வேண்டாம், சத்தம் போடாமல் போய்விடு என்றார் மேனேஜர். வாசலுக்கு வந்தபோது அங்கே மறுபடியும் ஒட்டியிருந்த பழைய அறிவிப்பில் 'ஆறு நாளும்' என்பதை அடித்து 'மூன்று நாள்' என்று எழுதியிருந்தார்கள். மீதி மூன்று நாளுக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். செவ்வாய், வியாழன், சனி யாருக்கு ஒழியும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அன்று எட்டரைக்கு அவள் உள்ளே வந்தபோது நான் அவளுடைய பெட்டியைத் தூக்கி வெளியே வைத்திருந்தேன். அவள் அதை அமைதியாக உள்ளே எடுத்து வந்து பழைய இடத்தில் வைத்தாள். அறை வாடகை இருவர் பெயரிலும் இருக்கிறது, அதை ஞாபகப்படுத்தக்கூட அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஏன்டி?" என்றேன். எவ்வளவோ கேட்க வைத்திருந்தேன், அது ஒன்றுதான் வந்தது.

"வேற என்ன செய்யச் சொல்ற? ரெண்டு பேர் வேலையும் போயிருக்கும். இப்ப ஒருத்தி வேலையாவது மிஞ்சுது."

"அந்த ஒருத்தி நீதானா? எழுதினவ நீ!"

"உனக்கு அண்ணன் இருக்காரு" என்றாள். அழவில்லை. மூக்கு நுனி சிவக்கவில்லை. "நீ ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே அனுப்புவாரு. நீ வீம்புக்குக் கேக்காம இருக்க. எனக்கு யாரு இருக்கா சொல்லு? அந்த வேலை போயிருந்தா நான் படிப்பை விட்டுட்டு எங்க போய் நிப்பேன்?"

என்னிடம் கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேனோ என்னவோ. கேட்டிருக்கலாம். அதைத்தான் சொன்னேன், கத்திச் சொன்னேன், பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டுகிற அளவுக்குக் கத்தினேன். பஞ்சு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அண்ணன் ஃபோன் செய்தான். அந்த நேரத்தில் அவன் கூப்பிடுவதே இல்லை. குரலுக்கு முன்னால் மூச்சு கேட்டது.

"என்னண்ணா இப்படி மூச்சு வாங்குது?"

"மூணாவது மாடி பாப்பா. ஒரு நிமிஷம்." ஏதோ கனமான பிளாஸ்டிக் தரையில் 'தொம்' என்று உட்கார்ந்த சத்தம்.

"கேன் தூக்குறியா?"

"நாலு மாசம்தானே. நேத்து ஆரம்பிச்சேன். நீ பார்க்காம சார்ட் எழுதி வேலை போயிடுச்சுன்னு உன் ஃப்ரெண்டு சனிக்கிழமையே கூப்பிட்டுச் சொல்லிடுச்சு. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன், சொல்லல. திட்டுவேன்னு பயந்துட்டியா?"

பஞ்சு கண்ணாடி முன்னால் சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். என் ஃபோனில் பேசுகிறவர் குரல் வெளியே நன்றாகக் கேட்கும், அது அவளுக்கும் தெரியும். அவள் திரும்பவில்லை.

"அண்ணா, நான் எழுதல."

"சரி, எழுதல" என்றான். அவன் மகள் டம்ளரை உடைத்துவிட்டு நான் உடைக்கவில்லை என்று சொல்லும்போது, சரி நீ உடைக்கவில்லை என்று சொல்வானே, அதே குரல். "விடு பாப்பா. படிப்பு, வேலைன்னு ரெண்டு பக்கமும் ஓடினா யாரா இருந்தாலும் அசரத்தான் செய்வாங்க. மேனேஜர் கால்ல விழாத குறையா கெஞ்சி, காலேஜுக்கு லெட்டர் போகாம தடுத்துட்டேன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டு ஃபோன்லயே அழுதுடுச்சு. இந்தக் காலத்துல யாரு அப்படிச் செய்வா? அப்படி ஒரு ஃப்ரெண்டு கிடைக்க நீ கொடுத்து வச்சிருக்கணும்."

எல்லாவற்றையும் கொட்டிவிட நாக்கு நுனி வரை வந்தது. கொட்டினால் அவன் என்னை நம்பவும் கூடும். ஆனால் நம்பினாலும் அவன் கேனைக் கீழே வைக்கப் போவதில்லை. நாலு மாதம் நான் சாப்பிட வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும். என் தங்கையை ஒருத்தி ஏமாற்றிவிட்டாளே என்ற பாரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அதே மூன்று மாடியும் ஏறுவான். பஞ்சு பொத்தானைப் போட்டு முடித்துவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

"பாப்பா? இருக்கியா?"

"இருக்கேண்ணா" என்றேன். "குனிஞ்சு தூக்காத. முட்டியை மடக்கி உட்கார்ந்து, கேனை நெஞ்சோட ஒட்டிப் பிடிச்சு எழுந்திரு. தோள்ல வைக்காத. ஒரு தடவைக்கு ஒண்ணுதான்."

"சரிங்க நர்சம்மா" என்று சிரித்துவிட்டு, அடுத்த கேனைத் தூக்கினான்.